கதவடைத்த அறையின் அளவுகள்

கொல்லயில்,
12 பிப்ரவரி 2024

அன்புள்ள மகன் அனூப்புக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகமாயிருக்கிறேன். நீயும் கப்பலில் சுகமாயிருக்க வேண்டும் என்று இரண்டு நேரமும் ஜெபிக்கிறேன். மும்பை அலுவலகத்துக்கு அனுப்பினால் கப்பல் நிற்கும் துறைமுகத்துக்கு வந்து சேரும் என்று சொன்னாய். அப்படியே அனுப்புகிறேன். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் பாதி சொல்வதற்குள் நீ "சரி அம்மா" என்று சொல்லிவிடுகிறாய். இது அப்படிச் சரி சொல்லி முடிக்கிற விஷயம் அல்ல.

ரப்பர் இலை எல்லாம் உதிர்ந்து தளிர் வந்துவிட்டது. பால் எடுப்பதை நிறுத்தியாயிற்று. அப்பாவைப் பார்த்துக்கொள்ள வந்துகொண்டிருந்த பிந்து இப்போதும் காலையில் வருகிறாள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டுக்கு எதற்கு வருகிறாய் என்று கேட்டேன். "உங்களப் பாக்கதுக்குத்தான்" என்றாள். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லியும் கேட்கவில்லை. இரண்டு பேருக்குச் சோறு வைக்கிறாள். மிச்சம் வருகிறது.

விஷயம் இதுதான். போன வியாழக்கிழமை ராஜதாஸ் வந்தார். செல்போன் டவர் எதிர்ப்புக் குழுவுக்கு அவர்தான் செயலாளர். மார்ச் 15 அன்று திருவனந்தபுரத்தில் விசாரணை. அதற்காக என் பெயரில் இரண்டு பக்கம் வாக்குமூலம் தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். "அண்டை வீட்டுக் கருணாகரன் தமது மாடியில் வைக்க அனுமதித்த டவரிலிருந்து வந்த மிக அதிகக் கதிர்வீச்சினால் என் கணவர் ராபின்சன் 2023 அக்டோபர் 8 அன்று மரித்தார்" என்று அதில் இருக்கிறது. கீழே என் பெயர், வயது எழுபத்துநான்கு, கையெழுத்துக்கு ஒரு கோடு. பிழைகளைத் திருத்தினேன். ஏழு பிழை இருந்தது. கையெழுத்துப் போடவில்லை.

ராஜதாஸுக்கு முகம் மாறியது. "அக்கா, தலைவலி, உறக்கமில்லன்னு சொல்லதுக்கு நமக்கு நாப்பது ஆளு உண்டு. மரிச்சதுக்கு ஒரு ஆளுதான் உண்டு. நீங்க ஒப்பிட்டாத்தான் கேசு நிக்கும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னார்.

"மிக அதிக" என்று எழுதியிருக்கிறீர்களே, எவ்வளவு என்று கேட்டேன். அதிகம்தான் அக்கா என்றார். நான் முப்பத்தொரு வருடம் எடை அளவு முத்திரை அலுவலகத்தில் இருந்தவள். கடைக்காரன் தராசைக் காட்டி "சரியா இருக்கும் சாறே" என்று சொன்னால் நாங்கள் முத்திரை வைப்பதில்லை. அளந்த பிறகு கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். விசாரணைக் குழுவுக்கு அன்றைக்கே கடிதம் எழுதினேன். இருபதாம் தேதி ஒருவர் கருவியோடு வருகிறார்.

அப்பா கிடந்த அறையை நீ பார்த்ததில்லை. அடக்கத்துக்கு வந்திருந்த மூன்று நாளும் அதைப் பூட்டி வைத்திருந்தேன். அதனால் எப்படிச் செய்தேன் என்று எழுதுகிறேன்.

2022இல் அப்பாவுக்கு வலது பக்கம் தளர்ந்தது உனக்குத் தெரியும். அடுத்த ஜனவரியில் டவர் வந்தது. நம் முற்றத்திலிருந்து ஐம்பத்தெட்டு மீட்டர். பிப்ரவரியில் அப்பாவுக்குத் தலைவலி தொடங்கியது, உறக்கம் போயிற்று. அப்பா டவரைக் குற்றம் சொல்லவில்லை. டெலிபோன் இலாகாவில் முப்பத்திரண்டு வருடம் வேலை செய்தவர், அலை என்றால் சிரிப்பார். குற்றம் சொன்னது நான். சபை மண்டபத்தில் கூட்டம் நடந்தபோது முன்வரிசையில் இருந்தேன். அந்தக் கம்பெனியின் சிம் கார்டை யாரும் வீட்டில் ஏற்றுவதில்லை என்று எல்லாரும் கை உயர்த்தினோம். உலோகத் தகடு அலையைத் தடுக்கும் என்று ஒருவர் பேசினார். அதை நான் குறித்துக்கொண்டேன்.

நெய்யாற்றின்கரையில் பத்திரிகை அச்சடித்துக் கழித்த அலுமினியத் தகடுகள் கிடைக்கும். கோழிக்கூட்டுக்குக் கூரை போட வாங்குவார்கள். அதை வாங்கினேன். ஒட்டியது மோகனன். மே மாதம் நம் ரப்பர் மரங்களில் பால் வெட்டும் இடத்தில் மழைநீர் இறங்காமல் மழைப் பாவாடை கட்ட வருவானே, அவன்தான். மரத்தில் பாவாடையை ஒட்டுகிற அதே கருப்புப் பசையால் நாலு சுவர், மேல்தளம், ஜன்னல், கதவின் உள்பக்கம் எல்லாம் ஒட்டினான். தரைக்கும் தகடு போட்டு மேலே பாய் விரித்தோம். ஒரு தகடு மற்றொன்றின் மேல் இரண்டு அங்குலம் ஏற வேண்டும் என்று சொல்லி, அடிக்கோலோடு பக்கத்திலேயே நின்றேன். ஒன்றரை அங்குலம் இருந்த இடத்தை எல்லாம் பெயர்த்து மறுபடி ஒட்டச் செய்தேன். "அம்மா, இது மனுசன் கிடக்குத முறியா, பிஸ்கட் டின்னா" என்று மோகனன் கேட்டான். அப்பா கட்டிலில் இருந்தபடி, "எலே மோகனா, செய்தி உள்ள பக்கத்த உள்ளோட்டு வச்சு ஒட்டு. நான் கிடந்து வாசிச்சுக்கிடுதேன்" என்றார். அப்படியே ஒட்டினான். கட்டிலுக்கு மேலே இருந்தது ஒரு மரண அறிவிப்புப் பக்கம். அதை மட்டும் நான் மாற்றச் சொன்னேன்.

வேலை முடிய ஆறு நாள் ஆயிற்று. அதற்குப் பிறகு தலைவலி குறைந்தது என்று அப்பா சொன்னார்.

கப்பலில் ரேடியோக் கருவிகளைப் பார்ப்பதுதானே உன் வேலை. இரும்பு அறைக்குள் அலை எவ்வளவு நிற்கும் என்று எப்படிக் கணக்கிடுவீர்கள்? உனக்கு நேரம் இருந்தால் எழுது. கணக்கு விளங்காமல் எண்ணை மட்டும் வாங்கி வைக்க எனக்கு மனமில்லை.

மற்றொன்று. அடக்கம் முடிந்த மறுநாள் கேட்டருகில் வந்து நின்ற கருணாகரனிடம், "வாடகைக்கு எனக்க அப்பாவக் கொன்னுட்டீரு" என்று நீ சொன்னாய். அன்று நான் உன்னைத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வருவதில்லை. நாற்பது வருடம் அப்பாவோடு சீட்டு விளையாடிய ஆள். இப்போது கடைக்குச் சுற்றுவழியில் போகிறார். இதைச் செய்தியாக எழுதுகிறேன்.

குளிரில் மேல்தட்டுக்குப் போனால் கழுத்தை மூடிக்கொள். தேவன் உன்னை நடத்துவாராக.

உன் அன்புள்ள அம்மா,
சரோஜம் ராபின்சன்


கொல்லயில்,
22 பிப்ரவரி 2024

அன்புள்ள மகன் அனூப்புக்கு,

நீ கொழும்பிலிருந்து பேசியது பதினேழாம் தேதி. முந்தின கடிதம் அப்போது உனக்குக் கிடைத்திருக்கவில்லை. ராஜதாஸ் உனக்கும் செய்தி அனுப்பியிருக்கிறார். "ஒப்பிட்டுக் குடுங்கோ அம்மா. அளந்து பாத்து அப்பா வரப் போறாரா" என்று நீ சொன்னாய். அப்பா வரமாட்டார் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் நீ சொன்னதற்கெல்லாம் நான் பதில் சொல்லவில்லை. கோபமாக இருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. எனக்குச் சில மாதங்களாகக் கோபமும் வருவதில்லை.

அளக்க வந்தது சிஜி என்ற பெண். பொறியியல் கல்லூரியில் படிப்பிக்கிறவள், முப்பத்தைந்து வயது இருக்கும். வந்ததும் கருவியின் சோதனைச் சான்றைக் கேட்டேன். "ஏழு வருசமா அளக்குதேன் ஆண்ட்டி, இதக் கேட்ட முதல் ஆளு நீங்களாக்கும்" என்று சொல்லி எடுத்துக் காட்டினாள். தேதி தாண்டவில்லை. அளக்கலாம் என்றேன்.

மீட்டருக்கு இத்தனை வோல்ட் என்று அந்தக் கருவி காட்டுகிறது. முற்றத்தில் 1.1. கூடத்தில் 0.6. அப்பாவின் அறையில் கதவு திறந்திருந்தபோது 0.4. கதவை அடைத்ததும் 0.02. இருபதில் ஒன்று. தகடு தன் வேலையைச் செய்திருக்கிறது. அனுமதித்த அளவு பன்னிரண்டுக்கும் மேலே இருக்கிறதாம். அப்படியானால் முற்றத்தில் இருப்பதே பத்தில் ஒரு பங்கும் இல்லை.

வெளியிலிருந்து வருவதை அளந்தால் மட்டும் போதாது, உள்ளே அலை உண்டாக்குகிற பொருள் ஏதாவது இருந்ததா என்று கேட்டாள். அப்பாவின் கையில் பட்டன் போன் இருந்தது என்றேன். அதற்கு அவள் ஒரு சோதனை செய்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு சிறிய பெட்டி. ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கு அலை விடும். அதைக் கட்டிலில் வைத்து, கருவியை முக்காலியில் நிறுத்தி, கதவை அடைத்து எல்லாரும் வெளியே நின்றோம். ஒரே இடத்தில் அளந்தால் தவறும் என்றாள். அடைத்த உலோக அறையில் அலை வெளியேற வழியில்லாமல் சுவருக்குச் சுவர் தட்டித் திரும்புகிறது. அதனால் ஓர் இடத்தில் குவியும், அதிலிருந்து ஒரு சாண் தள்ளி ஒன்றுமே இருக்காது. மின்விசிறியை ஓடவிடச் சொன்னாள். அதன் அலுமினிய இலை சுற்றும்போது அலை கலங்கி ஒரே சீராகப் பரவுமாம். ஆய்வுக்கூடத்தில் இதற்கென்றே உலோகத் துடுப்பு வைத்துச் சுற்றுவார்களாம். பத்து இடத்தில் அளந்து சராசரி எடுத்தாள். 8.7.

முற்றத்தில் டவருக்கு எதிரே 1.1. டவரைத் தடுக்க நான் கட்டிய அறைக்குள், ஒரு சிறிய பெட்டியால் 8.7.

பிறகு என்னைக் கட்டிலில் இருக்கச் சொல்லி மறுபடி கதவை அடைத்து அளந்தாள். 6.7. ஏன் குறைந்தது என்று கேட்டேன். கணக்கு சுலபமாம். தொட்டியில் குழாய் தண்ணீர் விழுகிறது, அடியில் துளைகள் வழியே போகிறது. விழுவதும் போவதும் எங்கே சமமோ அங்கே மட்டம் நிற்கும். அலைக்கும் அப்படியே. அறைக்குள் போடுகிற வாட்டை அறையில் இருக்கும் துளைகளின் மொத்த அளவால் வகுத்தால் உள்ளே நிற்கிற செறிவு கிடைக்கும். துளை என்பது இங்கே தகட்டு இடுக்கு, மெத்தை, மர அலமாரி. பிறகு ஆள். "எல்லாத்தையும் விட ஆளுதான் நல்லா குடிக்கும் ஆண்ட்டி" என்றாள். அவள் சொன்ன எண்களை வைத்து நோட்டில் நானே வகுத்து, அதை வோல்ட்டுக்கு மாற்றிப் பார்த்தேன். 6.6 வந்தது. அளந்தது 6.7. நல்ல பொருத்தம் என்றாள்.

இது ஆளைக் கொல்லுகிற அளவா என்று நேராகக் கேட்டேன். இல்லை என்றாள். டவரும் இல்லை, போனும் இல்லை, இந்த அறையில் நிற்கிற அலையும் இல்லை. எதை வைத்தும் மரணத்துக்கு இதுதான் காரணம் என்று தன்னால் எழுத முடியாது என்றாள். அப்படி எழுதும்படி நான் கேட்கவில்லை என்று சொன்னேன்.

கடைசியில் அவள் தன் இரண்டு போன்களையும் எடுத்து, கதவை அடைத்து, உள்ளே போய் நின்று பார்த்தாள். பக்கத்து டவரின் கம்பெனி சிம் வேலை செய்தது. மற்றது அப்பா வைத்திருந்த பழைய கம்பெனியின் சிம். அதில் ஒன்றும் இல்லை. அந்தக் கம்பெனியின் டவர் பாறசாலை டவுனில் இருக்கிறது. அங்கிருந்து இங்கே வருவதே மெலிந்துதான் வருகிறது. அதில் இருபதில் ஒன்று என்றால் போனுக்குக் கேட்காது. "இதுக்குள்ள இருந்து விளிச்சா போகாது, வெளியில இருந்து விளிச்சாலும் கிடைக்காது" என்றாள். பிறகு சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத ஒட்டினது ஆரு? எங்க காலேஜில கூட இவ்வளவு சுத்தமா ஒரு முறி இல்ல" என்றாள்.

மோகனன் ஒட்டினான், நான் பக்கத்தில் நின்றேன் என்றேன். காப்பி குடித்துவிட்டுப் போனாள்.

அப்பாவின் போன் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறது என்று நீ ஜூலையிலும் ஆகஸ்டிலும் என்னிடம் இரண்டு தடவை குறை சொன்னாய். கம்பெனியின் குற்றம் என்று நான் சொன்னேன். அந்தப் போன் அக்டோபரிலிருந்து இரும்பு அலமாரியில் இருக்கிறது. இன்று காலை அதைச் சார்ஜரில் போட்டிருக்கிறேன்.

பல்லுக்கு மருத்துவரிடம் போய்வந்தேன். ஒன்றை எடுக்க வேண்டும் என்றார். எடுத்துவிட்டேன். வலி இல்லை.

தேவன் உன்னோடு இருப்பாராக.

உன் அன்புள்ள அம்மா,
சரோஜம் ராபின்சன்


கொல்லயில்,
9 மார்ச் 2024

அன்புள்ள மகன் அனூப்புக்கு,

இந்தக் கடிதத்தை நீ வேலை முடிந்து, தனியாக இருக்கும்போது வாசி. நான் நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதில் திருத்தம் இல்லை.

அப்பாவின் போனில், அவர் டயல் செய்த எண்கள் நேரத்தோடு இருக்கின்றன. அக்டோபர் 8, ஞாயிறு. 9.14 கருணாகரனின் மனைவி விலாசினி. 9.15 விலாசினி. 9.17 நான். 9.18 விலாசினி. 9.22 நான். 9.23 அனூப். 9.31 விலாசினி. 9.33 விலாசினி. 9.40 விலாசினி. 9.52 அனூப். மொத்தம் பத்து. ஒன்றும் போகவில்லை. போகாததால் உன் போனிலோ என் போனிலோ ஒரு தடயமும் வரவில்லை. கடைசியாக விளித்தது உன்னை.

அடக்கத்துக்கு வந்தபோது, "அப்பா என்ன விளிக்கப் பாத்தாரா" என்று நீ கேட்டாய். முந்தின வாரம் நீ விளிக்கிறேன் என்று சொல்லி விளிக்காமல் போனது உனக்கு மனதில் இருந்தது. இல்லை, உறக்கத்திலேயே போனார் என்று நான் சொன்னேன். நான் அளந்து சொன்னதல்ல அது. பதினொன்று நாற்பதுக்கு நான் கதவைத் திறந்தபோது கண் மூடியிருந்தது. இடது உள்ளங்கைக்குக் கீழே போன் இருந்தது. அதை எடுத்து, பார்க்காமல் அலமாரியில் வைத்தேன்.

அன்று பிந்து அம்பூரியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தாள். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் இருப்பாள். கதவும் வரப்போகத் திறந்து இருக்கும். வீட்டில் நாங்கள் இருக்கும்போது அப்பா போன் பேசுவதே வராந்தாவில்தான். அப்பாவைத் தனியாக, கதவடைத்து விட்டுப் போனது அந்த ஒரு நாள் மட்டுமே. எனக்கும் விலாசினிக்கும் டவர் வந்ததிலிருந்து பேச்சில்லை. ஆனால் அவளுக்கும் அப்பாவுக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. ஏதாவது என்றால் அப்பா விளிப்பார், அவள் ஓடி வருவாள். எனக்கு அது தெரியும். பிடிக்காவிட்டாலும் தடுக்கவில்லை. அதை நம்பித்தான் ஆராதனைக்குப் போனேன்.

நான் புறப்படும்போது அப்பா, "சரோஜம், கதவு இத்திரி துறந்து கிடக்கட்டு. சூடெடுக்குது" என்றார். நாலு விரல் திறந்தாலும் தகடு போட்டதற்கு அர்த்தமில்லை என்று நான் சொன்னேன். மின்விசிறியை ஐந்தில் வைத்தேன். கதவை அடைத்தேன். தாழ்ப்பாள் போடவில்லை. ஆனால் கட்டிலிலிருந்து கதவுக்கு இரண்டு மீட்டர் பத்து. அப்பாவுக்கு அது முடியாது.

இதைப் பதினைந்து நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அப்பா டெலிபோன்காரர். தகடு ஒட்டிய முதல் வாரமே போன் போகாது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தும் சூடு என்றுதான் சொன்னார். போன் போகாது என்று சொல்லியிருந்தால், நான் ஆறு நாள் நின்று செய்த வேலை தப்பு என்று ஆகும். அவர் அதைச் சொல்லவில்லை. தலைவலி குறைந்தது என்று சொன்னதும் அப்படியேதான் இருக்கும். அதை அளக்க எனக்கு வழியில்லை.

அப்பாவைப் பார்த்துவந்த மருத்துவரிடம் போய்க் கேட்டேன். 9.14க்கு ஆள் வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று. சொல்ல முடியாது என்றார். நூற்றில் எத்தனை என்று கேட்டேன். அப்படி எண் சொல்லக் கூடாது அம்மா என்றார். பிறகு, கொஞ்சம் வாய்ப்பு இருந்திருக்கலாம் என்றார். கொஞ்சம் என்பதை அப்படியே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை கருணாகரன் வீட்டுக்குப் போனேன். ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தப் படி ஏறினேன். விலாசினி முற்றத்தில் மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அக்டோபர் 8 காலையில் எங்கே இருந்தாய் என்று கேட்டேன். அவள் என்னை வேறுவிதமாக நினைத்துக்கொண்டாள். "எங்க போவேன்? அடுக்களையில தேங்கா திருவிக்கிட்டு நின்னேன். போனு பக்கத்தில இருந்துது. அண்ணன் ஒரு விளி விளிச்செங்கி நான் ஓடி வரமாட்டனா அக்கா? எனக்கு அந்த மனசு இல்லன்னா நினைச்சிய" என்று சொல்லி அழுதாள். நான் போனை எடுத்துக் காட்டினேன். அவள் பெயர் இருக்கிற ஆறு இடத்தையும் விரல் வைத்துக் காட்டினேன். ஏன் வரவில்லை என்பதையும் சொன்னேன். அவள் அழுவதை நிறுத்திவிட்டாள்.

கருணாகரன் உள்ளேயிருந்து எல்லாம் கேட்டிருக்கிறார். வெளியே வந்தார். "அக்கா, நீங்க ராஜதாசுக்க கடலாசில ஒப்பிடண்டாம். இதயும் எங்கயும் சொல்லண்டாம். எனக்க பேரு போனது போகட்டு. வயசான காலத்தில உங்களுக்கு எதுக்கு இது" என்றார். நான் தண்ணீர் கேட்டுக் குடித்தேன். அவர் அப்படிச் சொல்லாமல் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்று மாலை என் கையாலேயே வேறு வாக்குமூலம் எழுதினேன். ஒன்றரைப் பக்கம். அறையின் நீளம், அகலம், உயரம், தகட்டின் எண்ணிக்கை, சிஜி அளந்த அளவுகள், போனில் உள்ள நேரங்கள். கதவை அடைத்தது யார் என்பது. டவரால் என் கணவர் மரித்தார் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை என்பது. ராஜதாஸ் வந்து வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார். "அக்கா, இதக் குடுத்தா கேசு போச்சு. அது போகட்டு. நாளைக்குச் சபையில எப்படி முகம் காட்டுவிய? ஒண்ணும் எழுதாம சும்மா இருந்தா ஆரு கேக்கப் போறா" என்றார். யாரும் கேட்க மாட்டார்கள் என்பது சரிதான். ஆனால் கருணாகரன் சுற்றுவழியில் நடந்துகொண்டிருப்பார், நீ அவரைக் கொலைகாரன் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். எழுதாமல் விட்டதும் என் கையெழுத்துத்தான். தபாலில் சேர்த்துவிட்டேன். பதிவு ரசீது இருக்கிறது. நாளை ஆராதனைக்கு வழக்கம்போலப் போவேன்.

இனி உன்னிடம் இரண்டு காரியம்.

ஒன்று, கருணாகரனிடம் நீ பேச வேண்டும். கடிதம் வேண்டாம். பேச வேண்டும். எனக்காக மன்னிப்புக் கேட்க வேண்டாம். உன் வார்த்தைக்கு மட்டும் கேள். உன் வார்த்தையும் என் அறையிலிருந்து வந்ததுதான் என்று அவரிடம் நான் சொல்லிவிட்டேன். இருந்தாலும் அது உன் வாயிலிருந்து போனது.

இரண்டாவது, ஜூனில் உனக்கு விடுப்பு. இந்த வீட்டில் தங்க உனக்கு மனமில்லாவிட்டால் விலாசினி மாடியில் ஓர் அறை தருகிறேன் என்கிறாள். அங்கே தங்கிக்கொள். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். நீ ஊருக்கே வரவில்லை என்றாலும் கேட்கமாட்டேன்.

நீ என்ன நினைக்கிறாய் என்று எழுத வேண்டியதில்லை. கோபத்தை எழுதுவது கடினம், அதற்கு நாள் பிடிக்கும். ஆனால் நான் இதை அனுப்பிய பிறகு, இது எங்கேயோ ஒரு துறைமுகத்தில் கிடக்கிறதா, உன் கைக்கு வந்துவிட்டதா என்று தெரியாமல் இருப்பேன். அது மட்டும் எனக்குத் தெரிந்தால் போதும். மும்பை அலுவலகத்தில் சொல். அவர்கள் எனக்குச் சொல்லட்டும். கிடைத்தது என்ற ஒரு சொல் போதும், மக்கா. அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

கடலிலும் கரையிலும் தேவன் உன்னைக் காப்பாராக.

அம்மா,
சரோஜம் ராபின்சன்